பஸ் ஓரங்கட்டும் மூன்று செக்கன்: குரூஸ் கண்ட்ரோலுடனும் லிமிட்டருடனும் ஆறு ஆண்டுகள்

"அக்கா, நான் பார்த்து வச்ச ரெண்டு காரில ஒண்டில அடாப்டிவ் குரூஸ் கண்ட்ரோல் இருக்கு, மற்றதில ஸ்பீட் லிமிட்டர் மட்டும்தான். முதல் கார் 7 இலட்சம் கூட. அந்தக் காசுக்கு அது பெறுமா?" என்று அலுவலகத்தில் என்னோடு பணியாற்றும் தம்பி ஒருவர் சென்ற வாரம் கேட்டார். அடாப்டிவ் குரூஸ் கண்ட்ரோல் நாம் வைத்த வேகத்தில் காரைத் தானாக ஓட்டும், முன்னால் வாகனம் இருந்தால் அதற்கேற்ப வேகத்தைக் குறைக்கும்; ஸ்பீட் லிமிட்டர் வைத்த வேகத்துக்கு மேல் போகவிடாது, அவ்வளவுதான். ஒரு வரியில் என்னால் பதில் சொல்ல இயலவில்லை. அந்த இரண்டு வசதிகளும் உள்ள காரை ஆறு ஆண்டுகளாகப் பாவித்து வருகிறேன். போதாக்குறைக்கு, முன் பம்பர் பழுதுபார்த்த பின் வந்த சிக்கலிலிருந்து கடந்த மாதம்தான் மீண்டேன். அவருக்குச் சொல்ல வேண்டியதை அமைதியாக எழுதிவிடுவதே நல்லது என்று தோன்றியது.

என்னுடையது 2019இல் வாங்கிய, ஜப்பானில் பாவிக்கப்பட்டு இலங்கைக்கு வந்த கலப்பின (ஹைபிரிட்) கார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இன் தொடக்கத்தில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டதால், இடையில் மாற்றும் எண்ணமே எழவில்லை. அன்றாடம் நிலாவெளியிலிருந்து திருகோணமலை நகருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அம்மாவைக் கிளினிக்குக்காகக் கொழும்புக்கு அழைத்துச் செல்கிறேன். அது ஒரு வழிக்குச் சுமார் 260 கிலோமீற்றர்.

குரூஸ் கண்ட்ரோலின் அருமையை நான் உணர்ந்தது அந்தக் கொழும்புப் பயணங்களில்தான். கந்தளாயைத் தாண்டி அக்போபுர, கல்ஓயா வழியாக ஹபரணை வரை காட்டை ஊடறுத்துச் செல்லும் காபட் வீதியில் 70 என்று வைத்துவிட்டுக் காலை எடுத்தால், முன்னால் போகும் வாகனத்துக்கேற்பக் கார் தானாகவே வேகத்தைக் குறைத்தும் கூட்டியும் ஓடுகிறது. என் வலது முழங்காலுக்கு அது பெரிய ஆறுதல். அதைவிடப் பெரிய ஆறுதல் அம்மாவுக்கு. பழைய காரில் போகும்போதெல்லாம் தேசிக்காய் ஒன்றைக் கைக்குள் வைத்து முகர்ந்துகொண்டே வருவார். இந்தக் காரில் இரண்டாவது பயணத்திலேயே அந்தத் தேசிக்காய் கைப்பையை விட்டு வெளியே வரவில்லை. சாரதி எக்ஸிலரேட்டரை மிதித்தும் விட்டும் ஓட்டும்போது பயணிக்கு ஏற்படும் குலுக்கல்தான் குமட்டலுக்கு வழி என்பதை அன்று கண்ணால் கண்டேன். குரூஸ் கண்ட்ரோலுக்கு 1950இல் காப்புரிமை பெற்ற அமெரிக்கப் பொறியியலாளர் ரால்ஃப் டீட்டர் சிறுவயதிலேயே பார்வையை இழந்தவர். தம்மை ஏற்றிச் சென்றவரின் சீரற்ற ஓட்டத்தைப் பயணியாக உணர்ந்ததே அவருக்கு அந்த யோசனையைத் தந்தது என்று சொல்வார்கள். அம்மாவின் தேசிக்காயைப் பார்த்த எனக்கு அந்தக் கதையை நம்புவதில் சிரமம் இருக்கவில்லை.

இனி என் மனக்குறைக்கு வருகிறேன். ஆறு ஆண்டுகளாகியும் அது தீரவில்லை, தீரப்போவதுமில்லை, ஏனென்றால் அது பழுதல்ல, அந்தக் கருவியின் இயல்பு. நாம் 70 என்று வைத்த எண்ணைக் கார் மறப்பதே இல்லை. முன்னால் பவுசர் ஒன்று 40இல் ஊர்ந்தால் நாமும் பின்னால் 40இல் ஊர்ந்துகொண்டிருப்போம்; பத்து நிமிடம் அப்படிப் போனால் நம் மனம் அந்த 40க்குப் பழகிவிடும். காரின் நினைவில் இருப்பதோ 70. முன்னாலிருந்த வாகனம் விலகிய கணத்தில், வழி திறந்தது என்று கருதி அது தன் எண்ணை நோக்கிப் பாய்கிறது.

2021இல் ஒரு பிற்பகல், தம்பலகாமம் சந்தியைத் தாண்டிக் கந்தளாய்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு பஸ். நாங்கள் இருவருமே 38இல். பஸ் இடப்பக்கச் சமிக்ஞையைப் போட்டுவிட்டு வீதியோரத்தில் ஒதுங்கியது. அது முழுதாக நிற்கும் முன்பே, முன்னால் போகும் வாகனத்தைக் கண்டறியும் என் கார் ரேடாரின் பார்வையிலிருந்து விலகிவிட்டது. என் கால் எதன் மீதும் இல்லை. எஞ்சின் சத்தம் உயர்ந்தது. எண் 38இலிருந்து 47க்கு ஏறியது. அதே நேரத்தில் பஸ்ஸின் முன்புறத்திலிருந்து வெள்ளைச் சீருடையில் ஒரு பாடசாலைச் சிறுமி, புத்தகப்பையை ஒரு தோளில் தொங்கவிட்டபடி, வீதியைக் கடக்க ஓரடி எடுத்து வைத்தாள். நான் பிரேக்கை முழுதாக மிதித்தேன். அவள் பின்வாங்கி, பஸ்ஸின் முன் விளக்கில் கையை ஊன்றி நின்று என்னைப் பார்த்தாள். அந்தக் கை இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. எங்கள் வீதிகளில் பஸ் ஓரங்கட்டும் இடம் என்றால் ஆள் கடக்கும் இடம் என்று பொருள். எந்தச் சாரதியும் வேகத்தைக் குறைக்கும் அந்த மூன்று செக்கனில்தான் இந்தக் கருவி வேகத்தைக் கூட்டுகிறது. அதற்குப் பஸ் தெரியும். பஸ்ஸுக்கு முன்னால் யார் வருவார்கள் என்று தெரியாது.

அன்றிலிருந்து பஸ்ஸுக்குப் பின்னால் போகும்போது என் கட்டைவிரல் ரத்துச் செய்யும் பொத்தானிலேயே இருக்கும். சமிக்ஞை விளக்கு ஒருமுறை மின்னியதும் அழுத்திவிடுவேன். அதோடு, முன்னால் போகும் வாகனம் 45இல் போனால் நான் வைத்த எண்ணையும் 50க்கு இறக்கிவிடுவேன், அப்போது வழி திறந்தாலும் பாய்வதற்கு இடமிராது. புதிதாக இதைப் பாவிக்கத் தொடங்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இந்த இரண்டையும்தான்.

இரண்டாவது விடயம் அசையாமல் நிற்பவை. வீதியோரத் தூண், பெயர்ப்பலகை, நிறுத்தப்பட்ட லொறி என்று ஒவ்வொன்றுக்கும் பிரேக் பிடிக்காமலிருக்க, இத்தகைய குரூஸ் பெரும்பாலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வாகனத்தையே பின்தொடரும். நின்றுகொண்டிருப்பதைக் கண்டு வேகம் குறைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று கையேடுகளே எச்சரிக்கின்றன. மோட்டார் சைக்கிளையும் விலங்கையும் அது தவறவிடலாம். எங்கள் பக்கம் இதுவே தலையாய பிரச்சினை. சாம்பல்தீவுப் பாலம் தாண்டி நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுபிட்டி என்று போகும் வீதியில் இரவானதும் கட்டாக்காலி மாடுகள் தாரின் வெதுவெதுப்புக்காக நடு வீதியில் படுத்திருக்கும். கறுப்பு மாடு, கறுப்பு வீதி. அறுவடைக் காலத்தில் கந்தளாய்ப் பக்கம் ஒரு பாதி வீதியில் நெல் காய்ந்துகொண்டிருக்கும். அதைக் காக்க வரிசையாகக் கற்களை வைத்திருப்பார்கள். பின் விளக்கில்லாத பெட்டியை இழுத்துக்கொண்டு லேண்ட்மாஸ்டர் எனும் இரு சக்கர உழவு இயந்திரம் நடைவேகத்தில் போகும். கல்ஓயாவுக்கு அப்பால் யானை.

கணக்கையும் பார்த்துவிடலாம். குரூஸ் தானாகப் பிடிக்கும் பிரேக் மென்மையானது. ஐ.எஸ்.ஓ. 15622 என்ற சர்வதேசத் தரநிர்ணயம் 70 கிலோமீற்றரை அண்டிய வேகத்தில் அதை ஒவ்வொரு செக்கனிலும் செக்கனுக்குச் சுமார் 3.5 மீற்றர் என்ற வேகக் குறைப்புக்குள் மட்டுப்படுத்துகிறது. மணிக்கு 70 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 19.4 மீற்றர். அந்த அளவு பிரேக்கில் நிற்க ஏறத்தாழ 54 மீற்றர் வேண்டும். ஜப்பானிய விதிப்படி காரின் லோ பீம், அதாவது முன் விளக்கின் தாழ்ந்த வெளிச்சம், காட்ட வேண்டியதோ 40 மீற்றர் தூரத்திலுள்ள தடையை. ஆகவே அந்த வெளிச்சம் எட்டும் தூரத்தில் மாட்டைக் குரூஸ் ஒருவேளை கண்டுகொண்டாலும், அதன் பிரேக் மட்டும் நம்மைக் காப்பாற்றாது. மோதலைத் தவிர்க்கும் அவசரப் பிரேக் என்பது வேறொரு ஏற்பாடு; அதை நம்பி வேகம் வைப்பது சரியல்ல. இருட்டியபின் அதிவேக வீதி தவிர வேறெங்கும் நான் குரூஸைத் தொடுவதில்லை. மாரி மழையிலும் தொடுவதில்லை, தேங்கிய நீரில் டயர் பிடி இழக்கும்போது தானாக வேகம் கூட்டும் கருவி ஒன்று காலுக்கடியில் இருக்கக் கூடாது.

2022 ஜனவரியில் திறக்கப்பட்ட குருநாகல் – மீரிகம அதிவேக வீதியில் மட்டும் அது தான் படைக்கப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்ததுபோல் ஓடுகிறது. 100இல் வைத்து, முன்னால் போகும் வாகனத்துக்கு விடும் இடைவெளியை மிக நீண்டதாகத் தெரிவு செய்து போவேன். நடுவே யாராவது நுழைந்தால் நுழையட்டும்.

இனி லிமிட்டர். இதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் முதல் ஓராண்டு தொட்டதில்லை. இது காரை ஓட்டாது. காலை நாம்தான் எக்ஸிலரேட்டரில் வைத்திருக்க வேண்டும். வைத்த எண்ணுக்கு மேல் போக அது விடாது, அவ்வளவுதான். காலை எடுத்தால் கார் வழமைபோல் மெதுவாகும். அவசரத்துக்கு முந்த வேண்டுமென்றால் அடிவரை அழுத்தினால் விலகிக்கொள்ளும். என் காரில் அது பிரேக் பிடிப்பதில்லை, ஆகையால் இறக்கத்தில் எண்ணைத் தாண்டிவிடக்கூடும். இந்த எளிய கருவிதான் என் அன்றாட ஓட்டத்தை மாற்றியது. உப்புவெளியிலிருந்து நகருக்குள் வரும்போது 50 என்று வைத்துவிடுகிறேன், ஊர்மனைக்குள் சட்டமும் அதுதான். அதற்குமுன் நேர் வீதியைக் கண்டதும் 60, 65 என்று கால் தன்பாட்டில் ஏறிவிடும். பொலிஸாரைக் கண்டதும் கண் மீற்றருக்கு ஓடும். இப்போது கண் வீதியிலேயே இருக்கிறது. கோட்டைப் பக்கம் மான்கள் குறுக்கே வரும் இடத்தில் 30 என்று இறக்குவேன். ஓட்டோவுக்குப் பின்னாலும், சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பின்னாலும் என் கால் என் வசமே இருக்கிறது. எதுவும் தானாகப் பாய்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்து எல்லாப் புதிய கார்களிலும் வேக எல்லையை அறிந்து சாரதிக்கு உணர்த்தும் ஏற்பாடு கட்டாயமாகியிருக்கிறது. நம் கையால் எண்ணை வைக்கும் இந்தப் பழைய வகையே எனக்கு அந்தப் பலனில் பெரும்பகுதியைத் தந்துவிட்டது.

ஆனால் ஓர் ஆபத்து இதிலும் உண்டு. என் காரில் இரண்டுக்கும் ஒரே பொத்தான். அழுத்த அழுத்த மாறும். திரையில் வரும் சின்னங்கள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும், பக்கத்திலுள்ள எழுத்தோ ஜப்பானிய மொழி. ஒரு நாள் சீனக்குடாப் பக்கம் குரூஸில் போவதாக எண்ணிக்கொண்டு, முன்னால் வேகம் குறைத்த வானுக்குக் கார் தானாக மெதுவாகும் என்று காத்திருந்தேன். கால் எக்ஸிலரேட்டரில் இலேசாக இருந்ததைக்கூட உணரவில்லை. ஓடிக்கொண்டிருந்தது லிமிட்டர். வானின் இலக்கத்தகடு பெரிதாகிக்கொண்டே வந்தபோதுதான் புரிந்தது. அன்று மாலையே சிறு பச்சை ஸ்டிக்கர் ஒன்றை வெட்டி மீற்றரின் ஓரத்தில், குரூஸ் சின்னம் தோன்றும் இடத்துக்கு நேராக ஒட்டினேன். பொத்தானை அழுத்தினால், அந்த இடத்தைப் பார்த்து "குரூஸ்" அல்லது "லிமிட்டர்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். அம்மாவும் இப்போது கூடவே சொல்கிறார்.

கடைசியாக அந்தப் பம்பர். நகரில் நிறுத்தியிருந்தபோது ஓர் ஓட்டோ பின்னால் எடுத்து முன் பம்பரை உடைத்தது. ஒரு கராஜில் கொடுத்தேன்; நிறமும் பொருத்தமும் குறை சொல்ல முடியாதவை. ஆனால் குரூஸ் மாறிவிட்டது. முன்னால் போகும் வாகனத்தைப் பிந்திக் கண்டது. வளைவில் எதிர்ப்பக்க லொறிக்குப் பிரேக் பிடித்தது. சில நாளில் திரையில் ஜப்பானிய வாசகம் ஒன்று வந்தது. மருமகன் கைத்தொலைபேசியில் மொழிபெயர்த்தான்: ரேடாரைச் சுத்தம் செய்யவும். மூன்று நாள் துடைத்தேன். நான்காம் நாள் துடைக்கும்போதுதான் விரலில் தட்டுப்பட்டது. கார் முகப்பில் இருந்த நிறுவனத்தின் பழைய சின்னம் கண்ணாடிபோல் வழவழப்பானது, வெள்ளிக் கோடுகள் அதன் உள்ளே இருந்தன. இப்போதிருந்ததில் கோடுகள் வெளியே புடைத்து நின்றன. ரேடார் அந்தச் சின்னத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதன் அலை ஊடுருவிச் செல்வதற்கென்றே தட்டையாகச் செய்த சின்னத்தை எடுத்துவிட்டு, குரோம் பூசிய சாதாரணச் சின்னத்தைப் பொருத்தியிருக்கிறார்கள். ரேடாரைத் தாங்கும் தகடும் இலேசாகச் சரிந்திருந்தது. ஒரு பாகை சரிந்தாலே 100 மீற்றர் தூரத்தில் பார்வை 1.75 மீற்றர் விலகிவிடும். அது வீதியில் ஒரு வாகனம் போகும் தடத்தின் அகலத்தில் ஏறத்தாழப் பாதி. கொழும்பில் ஓரிடத்தில், காருக்கு முன்னால் அளந்த தூரத்தில் உலோகப் பிரதிபலிப்பான் ஒன்றை நிறுத்தி நேர்செய்து தந்தார்கள். பம்பரைக் கழற்றிப் பூட்டும் எவரும் இந்த நேர்செய்தலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வேண்டும். என்னிடம் யாரும் கேட்கவில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தம்பிக்கு நேற்றுப் பதில் சொன்னேன்: "கூடுதல் காசு குடுக்காதீங்க தம்பி. லிமிட்டர் இருக்கிற காரை எடுங்க. நீங்க ஓடப்போறது மூதூருக்கும் கிண்ணியாவுக்கும். அங்க குரூஸுக்கு வேலை இல்ல."

"அப்ப நீங்க உங்கட காரை வித்துப்போட்டு லிமிட்டர் மட்டும் இருக்கிறதா ஒண்டு எடுப்பீங்களா, அக்கா?" என்று கேட்டார்.

மாட்டேன் என்றேன். வருகிற திங்கட்கிழமை நன்றாக விடிந்த பின் அம்மாவோடு கொழும்புக்குப் புறப்படுகிறேன். நகரம் தாண்டும்வரை லிமிட்டர் 50இல் இருக்கும். கந்தளாய் கடந்து, முன்னால் பஸ் எதுவும் இல்லையென்று பார்த்து, "குரூஸ்" என்று சொல்லி அழுத்துவேன்.