ஆயாவின் கல்யாணமும் எம்.பி.யின் வாக்கும்: பி.எம்.ஜி. தளத்தைப் பயன்படுத்திப் பார்த்தேன்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் இருக்கும் ஆயாவுக்குக் கோயிலில்தான் கல்யாணம் நடந்தது. ஐயர் மந்திரம் சொல்லி, தாத்தா தாலி கட்டி, ஊரே சாப்பிட்டுப் போன கல்யாணம். பதிவு மட்டும் செய்யவில்லை, அந்தக் காலத்தில் யார் அதையெல்லாம் யோசித்தார்கள்! தாத்தா போன பிறகு பணம் சம்பந்தமாக ஒரு அலுவலகத்துக்கு ஆயாவைக் கூட்டிக்கொண்டு போனேன். "நீங்கள் சட்டப்படி மனைவி இல்லையே" என்று அங்கே இருந்தவர் சொன்னார். நாற்பத்தைந்து வருடம் ஒரே வீட்டில் குடும்பம் நடத்தியவரிடம் சொன்ன வார்த்தை அது. வழி நெடுக ஆயா ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம் கோயிலில் கூழ் ஊற்றுகிற அன்று ஒரு எம்.பி. வந்தார். மாலை போட்டோம், மைக்கைக் கொடுத்தோம். இந்துத் திருமணங்களுக்காக நாடாளுமன்றக் குழுவில் தொடர்ந்து பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஆயா கை தட்டினார். அந்தக் கைதட்டல்தான் என்னை உறுத்தியது. வீட்டுக்கு வந்ததும், இவர் சொன்னது உண்மைதானா என்று பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். அப்படித்தான் பார்லிமெண்டரி மானிட்டரிங் குரூப், அதாவது பி.எம்.ஜி. தளமும், அவர்களே நடத்தும் பீப்பிள்ஸ் அசெம்ப்ளி தளமும் எனக்கு அறிமுகம்.

பி.எம்.ஜி. 1995-லிருந்து இருக்கிறது. கேப் டவுனில் நடக்கும் குழுக் கூட்டங்களுக்கு இவர்களுடைய ஆட்கள் போய் உட்கார்ந்து, யார் என்ன கேட்டார், அமைச்சகத்து அதிகாரி என்ன பதில் சொன்னார் என்று எழுதிப் போடுகிறார்கள், ஒலிப்பதிவும் இருக்கும். ஒவ்வொரு மசோதாவுக்கும் தனிப்பக்கம் உண்டு, அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று அதில் தெரியும். பீப்பிள்ஸ் அசெம்ப்ளியில் எம்.பி.யின் பெயரைத் தட்டினால் அவர் எந்தக் குழுவில் இருக்கிறார், எத்தனை கூட்டத்துக்கு வந்தார், சொத்து விவரமாக என்ன அறிவித்திருக்கிறார் என்றெல்லாம் வருகிறது. நம் எம்.பி.க்கள் வேலை செய்கிற இடம் டிவியில் சத்தம் போடும் பெரிய அவை இல்லை, இந்தக் குழு அறைகள்தான். இது எனக்கு இத்தனை வயதுக்குப் பிறகுதான் புரிந்தது.

சரி, கோயிலுக்கு வந்தவர் விஷயம். திருமணச் சட்டங்களைப் பார்க்கும் உள்துறைக் குழுவின் குறிப்புகளில் நான் படித்த அத்தனையிலும் அவர் பெயர் வருகிறது, உள்துறை அலுவலக வாசலில் நிற்கும் வரிசையின் நீளம் பற்றிக் கேட்டிருக்கிறார், அடையாள அட்டை பற்றிக் கேட்டிருக்கிறார். திருமணம் பற்றி ஒரு கேள்வி கூட இல்லை. மூன்று இரவு உட்கார்ந்து படித்தேன், இல்லை. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அன்று கை தட்டிய யாரும் இதைப் போய்ப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

அவர் எப்படி வாக்களித்தார் என்று பார்க்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் முதலில் தேடினேன். நம் நாட்டில் அது அவ்வளவு லேசு இல்லை. நாம் பெரும்பாலும் கட்சிக்குத்தான் வாக்களிக்கிறோம், கட்சி தன் பட்டியலிலிருந்து ஆளை அனுப்புகிறது. கட்சியை விட்டுப் போனால் பதவியும் போய்விடும், அரசியல் சாசனத்தின் 47-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அதனால் கொறடா சொன்ன பக்கம்தான் பெரும்பாலும் கை போகும். பல முடிவுகள் குரல் வாக்கெடுப்பிலேயே முடிந்துவிடும், அதில் தனி ஆள் பெயரே பதிவாகாது. யாராவது டிவிஷன், அதாவது எண்ணி வாக்கெடுக்கச் சொல்லிக் கேட்டால்தான் எண்ணிக்கை வெளியே வரும்.

2006 நவம்பர் 14-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பாலினத்தவர் திருமணத்துக்கு வழி செய்த சிவில் யூனியன் மசோதா அன்று தேசிய அவையில் பெரிய வித்தியாசத்தில் நிறைவேறியது. அன்றைய ஆளுங்கட்சியான ஏ.என்.சி. தன் ஆட்கள் ஆதரித்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டது, எதிர்க்கட்சியான டி.ஏ. அவரவர் மனசாட்சிப்படி போடச் சொன்னது. ஆக, டி.ஏ. ஆள் போட்ட வாக்கைப் பார்த்தால் அந்த ஆளைத் தெரியும், ஏ.என்.சி. ஆள் போட்டதைப் பார்த்தால் கட்சியை மட்டும்தான் தெரியும். 2017 ஆகஸ்ட் 8-ல் அப்போதைய அதிபர் ஜூமா மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானம் ரகசிய வாக்கெடுப்பில் 177-க்கு 198 என்று தோற்றது, சொந்தக் கட்சிக்கு எதிராகப் போட்டவர்கள் யார் என்று நமக்குத் தெரியவே போவதில்லை. 2022 டிசம்பர் 13-ல், அதிபர் ரமபோசாவின் பண்ணையில் திருட்டுப் போன பணம் பற்றிய பாலா பாலா அறிக்கையை ஏற்கலாமா என்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஏ.என்.சி.யின் நிகோசசானா ட்லாமினி-ஜூமா தன் கட்சி சொன்னதற்கு மாறாக "ஆம்" என்றதை நாடே கேட்டது. எனக்கு வேண்டியது அந்த மாதிரி வாக்கெடுப்புதான், எல்லாச் சமூகச் சட்டத்துக்கும்.

வாக்குப் பதிவு இவ்வளவு மங்கலாக இருப்பதால்தான் பி.எம்.ஜி.யின் குழுக் குறிப்புகளுக்கு இத்தனை மதிப்பு என்பேன். குழுவில் கேட்கிற ஒவ்வொரு கேள்வியையும் கொறடா எழுதிக் கொடுப்பார் என்று நான் நினைக்கவில்லை. யார் வீட்டுப் பாடம் செய்துவிட்டு வந்தார், யார் வந்து பெயர் மட்டும் கொடுத்தார் என்பது ரெண்டு மூன்று கூட்டத்தைப் படித்தாலே தெரிந்துவிடும்.

குறிப்புகள் ஆங்கிலத்தில்தான் இருக்கும், நீளமும் அதிகம். ஆயா மாதிரி ஆட்களுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து படித்துச் சொல்ல வேண்டும். ஒலிப்பதிவு டேட்டாவைத் தின்னும், அதை வைஃபை உள்ள இடத்தில் கேளுங்கள். போனை விட கம்ப்யூட்டரில் படிப்பது கண்ணுக்கு நல்லது. முதலில் மசோதாவின் பெயரைப் போட்டுத் தேடி, அதன் பக்கத்திலிருந்து கூட்டங்களுக்குப் போங்கள். எம்.பி. பெயரிலிருந்து ஆரம்பித்தால் என்னை மாதிரி மூன்று இரவு ஆகும்.

ஆயாவுக்குப் பயன்பட்டதா? பயன்பட்டது. தேடிக்கொண்டே போனதில், உயில் எழுதாமல் கணவர் இறந்துவிட்டால் இந்து முறைப்படி மட்டும் மணந்த மனைவிக்கும் சொத்தில் வாரிசுரிமை உண்டு என்று நம் டர்பன் உயர் நீதிமன்றமே 2008-ல் தீர்ப்பளித்திருப்பது தெரிய வந்தது. கோவெண்டர் எதிர் ராகவையா என்பது வழக்கு. அதை அச்செடுத்து வைத்திருக்கிறோம். ஆனால் அது வாரிசுரிமைக்கு மட்டும்தான். எல்லா மதத் திருமணங்களையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவரும் திருமண மசோதா 2023-ல் நாடாளுமன்றத்துக்கு வந்தது, அதைப் பார்ப்பது உள்துறைக் குழு. மக்கள் கருத்தைச் சரியாகக் கேட்காமல் நிறைவேற்றினார்கள் என்பதற்காகவே 2006-ல் டாக்டர்ஸ் ஃபார் லைஃப் வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றம் சட்டங்களைச் செல்லாது என்று சொல்லியிருக்கிறது, அதனால் இந்த மசோதா பற்றிக் குழுவுக்கு நாம் எழுதுகிற கடிதம் குப்பைக்குப் போகிற காகிதம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஆயா தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. கீழே கையெழுத்துப் போடும்போது, பெயருக்குப் பக்கத்தில் "மனைவி" என்று எழுதச் சொன்னார்.