ஹொக்கைடோ பனியில் கேமராவோடு: பியேயா, குஷிரோவா?

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவுக்குப் பிப்ரவரியில் குழுவாகப் படமெடுக்கப் போகிறவர்களுக்கு, இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே முடிவெடுப்பது கஷ்டம்தான்.

பியே என்றால் வெள்ளைக் குன்று, அதன்மேல் ஒற்றை மரம். அந்த வெறுமைதான் படம். 70-200 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்றே போதும். ஆனால் வயல்களெல்லாம் விவசாயிகளுடையவை, சாலையை விட்டு இறங்கவே கூடாது. ‘தத்துவஞானி மரம்’ என்று பேர்பெற்ற பாப்லரை 2016-இல் உரிமையாளரே சாய்த்துவிட்டார். மரம் நலிந்திருந்தது, வயலை மிதித்த பயணிகளும் ஒரு காரணம். நினைத்தாலே மனசு வலிக்கிறது.

குஷிரோ பக்கம் போனால் உயிர்கள். ட்சுருயி கிராமத்தின் ஒட்டோவா பாலத்தில் விடியுமுன்னே நிற்க வேண்டும். கடுங்குளிரிலும் உறையாத ஆற்றிலிருந்து ஆவி எழும், கரையோரக் கிளைகளில் உறைபனி பூக்கும். நடுவே உச்சி சிவந்த டாஞ்சோ கொக்குகள், ஒற்றைக் காலில் தூங்கியபடி. ஜப்பானில் அழிந்ததாகவே எண்ணப்பட்ட இனம் இது. விவசாயிகள் குளிர்காலத்தில் மக்காச்சோளம் போட்டுக் காப்பாற்றினார்கள். 400 மி.மீ.க்குக் குறைந்த லென்ஸில் அவை வெறும் புள்ளிகள். பாலத்தில் இடம் நெருக்கடி, ஆறேழு பேருக்கு மேல் குழு வேண்டாம்.

எங்கே போனாலும் எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விழும் ஒளியை, ஒரு ஸ்டாப்பாவது (இரு மடங்கு) கூட்டுங்கள், இல்லையென்றால் படத்தில் பனி சாம்பல் நிறமாகிவிடும். மாற்று பேட்டரி கோட்டின் உள்பையில் இருக்கட்டும்.

முதல் பயணம் என்றால் நான் தயங்காமல் குஷிரோ என்பேன்.