ஒரே பெரிய காடா, பல சிறிய காடுகளா?

2030க்குள் உலகின் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைப் பாதுகாக்க, 2022 டிசம்பரில் குன்மிங்-மான்ட்ரியல் பல்லுயிர் உடன்பாட்டில் நாடுகள் ஒப்புக்கொண்டன. சரி, அந்த நிலத்தை ஒரே பெரும் பரப்பாக ஒதுக்குவதா, பல துண்டுகளாகவா? 1970களிலிருந்தே சூழலியலாளர்கள் இதில் மல்லுக்கட்டுகிறார்கள்.

பெரிய பரப்பின் பலம் அதன் நடுப்பகுதி. காட்டின் ஓரத்தில் வெயிலும் காற்றும் புகுந்து மண்ணைக் காயவைக்கும், பெரிய மரங்களைச் சாய்க்கும். அந்தப் பாதிப்பு 100 மீட்டர் உள்ளே வரும் என்று வைத்துக்கொள்வோம். 1 ஹெக்டேர் சதுரத் துண்டு முழுக்க ஓரம்தான். 10,000 ஹெக்டேர் சதுரத்திலோ சுமார் 4 சதவீதம்தான் ஓரம். பிரேசிலின் மனௌஸ் நகருக்கு அருகே, காட்டுத் துண்டுகளில் என்ன நடக்கிறது என்று பார்க்க உயிரியலாளர் தாமஸ் லவ்ஜாய் 1979இல் தொடங்கிய ஆய்வு இதைக் கண்ணெதிரே காட்டியது. படையெறும்புகள் நகரும்போது தெறித்து ஓடும் பூச்சிகளைக் கொத்தித் தின்னும் பறவைகள் அங்கே உண்டு. 1, 10 ஹெக்டேர் துண்டுகளில் அவை காணாமல் போயின. எறும்புப் படைக்கே அங்கே இடம் போதவில்லை.

சிறு துண்டுகளையும் தள்ளிவிட முடியாது. வெவ்வேறு மண், உயரம், மழை என்று சிதறிக் கிடப்பதால், மொத்த இனங்களின் எண்ணிக்கை பல நேரம் அவற்றில்தான் கூடுதல். ஒரே மலைச்சரிவில் மட்டும் வளரும் செடிக்கு அந்தச் சரிவுதான் உலகம். தீயோ நோயோ வந்தாலும் எல்லாம் ஒருசேர அழியாது.

ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஜாகுவார் போன்ற பெரிய வேட்டை விலங்குக்குத் துண்டுக்காடு போதாது. இடம் இருக்கும்வரை என் ஓட்டு பெரிய பரப்புக்குத்தான். ஏற்கெனவே துண்டாகிப்போன இடங்களில், மிச்சத்தைக் காத்து நடுவே மரங்களால் பாதை போட்டு இணைக்க வேண்டும். அப்புறம், எந்த வழியானாலும் அங்கே தலைமுறைகளாக வாழும் பழங்குடி மக்களை வெளியேற்றக் கூடாது.