ஒரு டின் குளிர எத்தனை வாட்?

கம்ப்யூட்டரில் செருகி ஓட்ட, மேசை மேல் ஒரே ஒரு டின் பானம் நிற்கிற அளவுக்குக் குட்டி ஃபிரிட்ஜ். தெர்மாகோல் பெட்டி, கரண்ட் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறு பக்கம் சூடாகும் பெல்டியர் தகடு, அதன் இரு பக்கமும் சூட்டைக் கடத்தும் உலோகத் துண்டான ஹீட் சிங்க், சூடாகும் பக்கத்தில் சின்ன ஃபேன். பெட்டி எப்படியும் இதுதான். கரண்டை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

பழைய யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 5 வோல்ட், 500 மில்லி ஆம்பியர். மொத்தமே 2.5 வாட். எங்கும் கிடைக்கும் டிஇசி1-12706 தகட்டை நேராகச் செருகினால் 2 ஆம்பியருக்கு மேல் கேட்கும். போர்ட் தன்னைத்தானே அணைத்துக்கொண்டால் உங்கள் அதிர்ஷ்டம். சரி, நடுவில் வோல்டேஜைக் குறைக்கும் பக் கன்வெர்ட்டர் ஒன்று போட்டு அடக்கினாலும் ஃபேன் ஒரு வாட்டைத் தின்றுவிடும். 330 மில்லி பானத்தை 30 டிகிரியிலிருந்து 10-க்கு இறக்க ஏறக்குறைய 27,600 ஜூல் வெப்பம் வெளியேற வேண்டும். தெர்மாகோல் வழியே உள்ளே கசிவது போக ஒரு வாட் வேகத்தில் வெளியேறினாலும் ஏழரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலையில் வைத்ததைச் சாயங்காலம் குடிக்கலாம். 3.0 போர்ட்டில் 4.5 வாட், கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான்.

5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் டைப்-சி என்றால் கதை வேறு. அந்தத் தகட்டுக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். என் ஓட்டு இதற்கே. 12 வோல்ட் கொடுத்தால் இன்னும் ஜில்லென்று ஆகாதா என்று கேட்பார்கள். தகடு இழுக்கிற மின்சாரம் முழுக்க வெப்பமாகிச் சூடான பக்கத்தில்தான் வந்து சேரும். அங்கே பெரிய ஹீட் சிங்க் இல்லாவிட்டால் அந்தச் சூடு தகட்டைத் தாண்டி டின்னுக்கே திரும்பிவிடும். எல்லா லேப்டாப்பின் டைப்-சி போர்ட்டும் 3 ஆம்பியர் தராது என்பதையும் சொல்ல வேண்டும். போன் சார்ஜரில் மாட்டுவதுதான் நல்லது. கம்ப்யூட்டரில் ஓடும் ஃபிரிட்ஜ் என்ற பெருமை அதோடு போச்சு.

கம்ப்யூட்டர் தூங்கிப்போய் போர்ட்டில் கரண்ட் நின்றாலும் இதே வினைதான், வெளிச்சூடு தகடு வழியே உள்ளே இறங்கும். அப்புறம் குளிர்ந்த பக்கத்தில் வியர்த்துச் சொட்டும் தண்ணீர். கீபோர்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

அதே பெட்டியில் 83 கிராம் ஐஸ், அதாவது நாலைந்து கட்டி, போட்டால் உருகும்போதே அந்த 27,600 ஜூலை விழுங்கிவிடும். வயரும் வேண்டாம், செலவும் இல்லை. ஆனால் விரல் நுனி அளவு தடிமன்கூட இல்லாத தகட்டில் ஒரு பக்கம் ஜில், மறு பக்கம் சுடுவதைத் தொட்டுப் பார்க்கிற குஷி ஐஸில் ஏது? என் பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை.