பிடிஓவா, மறுவிற்பனை வீடா?

சிங்கப்பூரில் ஐடி வேலையில் இருக்கும் இளம் தம்பதிகளிடையே இந்த விவாதம் ஓய்வதே இல்லை. பிடிஓ என்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) விண்ணப்பத்தின்பேரில் கட்டித்தரும் புது வீடு. அதன் விலை குறைவு. 99 ஆண்டுக் குத்தகையும் முழுதாகக் கிடைக்கும். ஆனால் குலுக்கலில் பெயர் வரவேண்டும், வந்தபின்னும் கட்டி முடியப் பெரும்பாலும் மூன்று நான்கு ஆண்டு ஆகும். அதுவரை வாடகை?

மறுவிற்பனை வீட்டில் சில மாதங்களில் குடியேறலாம். பெற்றோர் வீட்டுக்கு 4 கிலோமீட்டருக்குள் வாங்கும் தம்பதிக்கு 20,000 வெள்ளி மானியம் உண்டு. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி பக்கத்தில் இருப்பது அதைவிடப் பெரிது. வீட்டின் மதிப்பீட்டுக்கு மேல் விற்பவர் கேட்கும் தொகையை மட்டும் ரொக்கமாகவே தரவேண்டும். சம்பளத்தில் பிடிக்கும் கட்டாயச் சேமிப்பான மத்திய சேமநிதி உதவாது. சேமிப்பு இருந்தால் என் ஓட்டு மறுவிற்பனைக்கே.

விற்கும்போதுதான் நம்மவர்களுக்குச் சிக்கல். 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்பில் உள்ளது. அதன்படி ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு விகித வரம்பு உண்டு. புளோக்கில் சீனர் விகிதம் நிரம்பிவிட்டால், இந்தியர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் குறைய, விலையும் இறங்குகிறது. பேட்டைகள் இனவாரியாகப் பிரியக்கூடாது என்பதில் எனக்கு முழு உடன்பாடு. அதன் சுமை சிறுபான்மையினர் தலையில் விழுவதுதான் நியாயமில்லை. பிடிஓ வீட்டுக்கும் இதே விதிதான். மறுவிற்பனை வாங்குவோர், கையெழுத்திடும் முன் வீவக இணையத்தளத்தில் அந்தப் புளோக்கின் நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள்.