1970 செவெலுக்குள் சில்வராடோ எஞ்சின்: மாற்றிக் கொடுத்த பட்டறை எப்படி?

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு நான்கு. வேலைத் தரத்துக்கு முழுதாக ஐந்தும் கொடுக்கலாம். சொன்ன நாளில் தராததற்கும், ஓர் எர்த் வயரில் காட்டிய கவனக்குறைவுக்கும் சேர்த்து ஒன்றைக் குறைத்துவிட்டேன்.

டெட்ராய்ட்டுக்கு வடக்கே, மெக்கோம்ப் கவுண்டியில் இருவர் நடத்தும் சிறிய பட்டறை அது. இரண்டு லிஃப்ட், ஒரு வெல்டிங் மேசை, சுவர் முழுக்கக் கருவிகள். வாசலில் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. என் 1970 செவர்லே செவெலின் பழைய எஞ்சினை இறக்கிவிட்டு, 2003 சில்வராடோ ட்ரக்கின் 5.3 லிட்டர் எஞ்சினையும் அதோடு வந்த நான்கு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் அங்கேதான் பொருத்தினார்கள்.

"இந்த வண்டிக்குப் போய் ட்ரக் எஞ்சினா?" என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆண்டு 450 குதிரைத்திறன் என்று விற்கப்பட்ட எஸ்எஸ் 454 வகைச் செவெல் என்னிடம் இருந்திருந்தால், அதில் ஒரு போல்ட்டைக்கூடத் தொட்டிருக்க மாட்டேன். என்னுடையது செவெலிலேயே சாதாரண வகையான மாலிபு. 307 கன அங்குல வி8, கார்புரேட்டர், இரண்டே கியர் கொண்ட பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். 200 குதிரைத்திறன் என்று எழுதியிருப்பார்கள். ஆனால் அது மின்விசிறி, சைலன்சர் எதையும் மாட்டாமல் மேசையில் வைத்து அளந்த அந்தக் காலத்துக் கணக்கு. 1972 முதல்தான் வண்டியில் ஓடும் நிலையிலேயே அளந்த எண்ணைச் சொன்னார்கள். சில்வராடோ எஞ்சினின் 285 குதிரைத்திறன் இந்தப் பிற்காலக் கணக்கில் வருவது. எனவே உண்மையான வித்தியாசம் 85 அல்ல, அதைவிட நிறைய. ஓட்டிப் பார்த்தபோது அது முதுகில் தெரிந்தது.

ஏன் இந்த எஞ்சின்? 1997இல் செவர்லேயின் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் வந்த எல்எஸ்1 எஞ்சின் குடும்பத்தின் ட்ரக் பிள்ளை இது. கார்வெட்டில் அலுமினிய பிளாக், இதில் வார்ப்பிரும்பு. கொஞ்சம் கனம் அதிகம், ஆனால் அடித்தாலும் தாங்கும். 1955இல் வந்த பழைய செவர்லே வி8இன் 4.40 அங்குல சிலிண்டர் இடைவெளியை இதிலும் அப்படியே வைத்திருக்கிறார்கள். கியர்பாக்ஸ் பொருந்தும் போல்ட் துளைகளும் ஒன்று தவிர மற்றவை பழையபடியே. அதனால்தான் பழைய செவர்லே வண்டிகளுக்குள் இது வேற்றாள்போல நுழைவதில்லை. சில்வராடோ, டாஹோ, சபர்பன் என்று கணக்கில்லாமல் விற்றிருக்கிறார்கள். எந்தக் காயலான் கடைக்குப் போனாலும் ஒன்று கிடக்கும்.

என்னுடையது 1,38,000 மைல் ஓடியது. கியர்பாக்ஸ், வயரிங், கணினி, ஆக்ஸிலரேட்டர் பெடல் எல்லாம் சேர்த்து 1,400 டாலர். வேலை முடிந்தபோது வந்த மொத்தப் பில் 13,600. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். எஞ்சின் விலையை மட்டும் பார்த்து இந்த வேலையில் இறங்குபவர்கள் இந்த எண்ணை இரண்டு முறை படியுங்கள். ஆனால் அந்தச் சுமைகூலியில்தான் பட்டறையின் தரம் இருக்கிறது. எஞ்சினைத் தூக்கி உள்ளே வைக்க யாராலும் முடியும்.

ட்ரக்கின் ஆயில் சம்ப், அதாவது எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டி, ஆழமானது, செவெலின் அடியில் சாலையைத் தேய்க்கும் அளவுக்குத் தொங்கும். இவர்கள் பழைய வண்டிகளுக்கென்றே செய்யப்பட்ட, முன்பக்கம் தட்டையான சம்பைப் போட்டார்கள். ட்ரக்கின் ஏசி கம்ப்ரஸர் கீழே வலப்புறம் இருக்கும், செவெலின் அடிச்சட்டத்தில் இடிக்கும். சட்டத்தை வெட்டி இடம் பண்ணும் பட்டறைகளும் உண்டு. "ஐம்பது வருஷச் சட்டத்தை நாங்கள் வெட்ட மாட்டோம்" என்று சொல்லி, புதுப் பிராக்கெட் வாங்கி கம்ப்ரஸரை மேலே ஏற்றினார்கள். எனக்கு அங்கேயே மனம் நிறைந்துவிட்டது.

சம்பைக் கழற்றிய கையோடு ஆயில் பம்ப்புக்கு எண்ணெய் உறிஞ்சும் குழாயின் ஓரிங்கை மாற்றினார்கள். சில டாலர் ரப்பர் வளையம்தான். அது கெட்டித்துப் போனால் பம்ப் காற்றை இழுக்கும், ஆயில் அழுத்தம் விழும், நல்ல எஞ்சின் வீணாகும். அதை நான் கேட்கவே இல்லை. பழைய வளையத்தை ஒரு சிறு பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். விரலால் வளைத்தேன், பிளாஸ்டிக் போல ஒடிந்தது.

பெட்ரோல் விஷயத்திலும் குறுக்கு வழி தேடவில்லை. கார்புரேட்டருக்கு ஆறேழு பிஎஸ்ஐ அழுத்தம் போதும், இந்த எஞ்சினுக்கு 58 பிஎஸ்ஐ வேண்டும். டாங்குக்கு வெளியே ஒரு பம்ப்பைத் தொங்கவிட்டால் செலவு குறையும், ஆனால் அது நாள் முழுக்க வண்டுபோல ரீங்கரிக்கும், சூடாகும். உள்ளேயே பம்ப் வைத்த புது டாங்கைப் போட்டார்கள். சிலிண்டர் ஹெட்டிலிருந்து ஆவி வெளியேறும் சிறு குழாயை அடைத்துவிடாமல் ரேடியேட்டரின் மேல்பகுதிக்குக் கொண்டுபோய் இணைத்திருக்கிறார்கள். நீங்கள் வேறு எந்தப் பட்டறைக்குப் போனாலும் இந்தக் குழாயைப் பற்றி முதலில் கேளுங்கள். விழிக்கிறார்கள் என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பிரேக்கில்தான் எங்களுக்குள் சிறு பிணக்கு. முன்சக்கரங்களில் இருந்த டிரம் பிரேக்கை டிஸ்க்காக மாற்ற ஒப்புக்கொண்டால்தான் வேலையையே எடுப்போம் என்றார்கள். கூடுதல் காசு பறிக்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்து ஒரு வாரம் போகவில்லை. ஜூன் மாதம் ஐ-75 நெடுஞ்சாலையில் முன்னால் போன வேன் சட்டென்று நின்றது. செவெல் நேராக, இழுக்காமல் நின்றது. பின் சீட்டில் என் மகள் இருந்தாள். அன்று மாலையே அவர்களுக்குத் தொலைபேசி செய்து நன்றி சொன்னேன்.

இனி குறைகள். அக்டோபரில் வண்டியைக் கொடுத்தேன், பிப்ரவரி முடிவில் தருவதாகச் சொன்னார்கள், மே இரண்டாம் வாரம்தான் கைக்கு வந்தது. தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பாகங்கள் வரவேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் நான்தான் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருந்தது. ஏழு மாதம் ஒருவனுடைய வண்டியைப் பிரித்து வைத்திருப்பவர்கள் வாரம் ஒரு வரி எழுதக்கூடாதா?

வண்டி வந்த மூன்றாவது வாரம், உட்வர்ட் சாலையில் ஒரு சிக்னலில் எஞ்சின் அப்படியே அணைந்தது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் முனகியது. பின்னால் ஹாரன் ஒலி. லாரியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையைப் பெயிண்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே முறுக்கியிருக்கிறார்கள். கார்புரேட்டர் வண்டியில் இதைச் சமாளித்துவிடலாம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு காயில், கணினி, இழுக்கும் கேபிளே இல்லாத மின்சார ஆக்ஸிலரேட்டர் என்று எல்லாமே மின்சாரத்தை நம்பியிருக்கும் இந்த எஞ்சினில் எர்த் சரியில்லை என்றால் எதுவும் சரியில்லை. ஒரு பைசா வாங்காமல், எல்லா எர்த் இணைப்புகளையும் கழற்றிச் சுத்தம் செய்து திருப்பித் தந்தார்கள். மழுப்பவில்லை, "எங்கள் தவறு" என்றே சொன்னார்கள். அதனால்தான் ஒரே மதிப்பெண்ணைக் குறைத்ததோடு விட்டேன்.

எஞ்சின் சுற்றைக் காட்ட நான் முன்பே மாட்டியிருந்த டேக்கோமீட்டர் பாதி எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது, அதுவும் அப்போதே சரியானது. ட்ரக்கின் கணினி நான்கு சிலிண்டர் வண்டிக்கு உரிய சமிக்ஞையைத்தான் அனுப்பும். மீட்டரின் பின்னால் உள்ள சுவிட்சை எட்டிலிருந்து நான்குக்குத் தள்ளினால் போதும்.

ஓட்டுவது எப்படி? காலையில் சாவியைத் திருப்பினால் அரை நொடியில் உயிர் பெறுகிறது. மிச்சிகன் ஏப்ரல் குளிரில் பெடலை நாலு முறை மிதித்துக் கெஞ்சிய நாட்கள் போயின. 70 மைல் வேகத்தில் முன்பு 2,800 சுற்றில் அலறிக்கொண்டிருந்த வண்டி, இப்போது 2,000க்கும் கீழே அமைதியாகப் போகிறது. கேலனுக்கு 13 மைல் கொடுத்தது 19 கொடுக்கிறது. "அப்பா, இப்போது பெட்ரோல் வாடையே வருவதில்லை, தூங்கலாம்" என்றாள் மகள். தூங்கியும் விட்டாள்.

அந்த வாடை எனக்குப் பிடிக்கும். சத்தமும் மாறிவிட்டது. சிலிண்டர்கள் எரியும் வரிசையே இந்த எஞ்சினில் வேறு. பழையது கரகரத்த குரலில் பேசும், இது சற்று மென்மையாகப் பேசுகிறது. வண்டியை வெளியில் நின்று கேட்பவர்களுக்கு இது தெரியாது, பன்னிரண்டு வருடம் அந்தக் குரலோடு வாழ்ந்த எனக்குத் தெரிகிறது. 307ஐ விற்கவில்லை. கராஜின் மூலையில் ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துளைகளில் எண்ணெய் விட்டு, மாதம் ஒருமுறை கையால் சுற்றி வைக்கிறேன். புது எஞ்சினுக்காகச் சட்டத்தில் ஒரு வெட்டும் விழவில்லை என்பதால், விரும்பினால் ஒரு வாரத்தில் அதைத் திரும்ப ஏற்றிவிடலாம் என்று பட்டறைக்காரர்களே சொன்னார்கள்.

இங்கே வேலை கொடுக்க நினைப்பவர்கள் இலையுதிர் காலத்தில் கொடுங்கள். சொல்லும் தேதியோடு மூன்று மாதம் கூட்டிக்கொள்ளுங்கள். பழைய வண்டிகள் திரளும் உட்வர்ட் ட்ரீம் குரூஸ் விழா ஆகஸ்டு மூன்றாம் சனிக்கிழமை, அதற்கு முன்னால் இரண்டு லிஃப்டும் காலியாக இருக்காது. நான் அக்டோபரில் மீண்டும் போகிறேன். ஸ்பீடோமீட்டரின் பழைய கேபிளைச் சுற்றுவதற்காக வைத்த சிறு மோட்டார் பெட்டி 40 மைலில் கிறீச்சிடுகிறது, அதைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.