புறநானூற்றுக்கு எது பொருந்தும்: எம்.எல்.ஏ., சிகாகோ, ஏ.பி.ஏ.?

தமிழ் இலக்கிய ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கு முதல் இயல் முடியும் நேரத்தில்தான் இந்தக் கேள்வி வருகிறது. மேற்கோளை எந்த நடையில் காட்டுவது? எம்.எல்.ஏ. (அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம்), சிகாகோ (சிகாகோ பல்கலைக்கழக அச்சகம்), ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) ஆகியவை வகுத்த மூன்று மேற்கோள் நடைகளில் எது? பல்கலைக்கழகம் ஒன்றை விதித்திருந்தால் பேச்சே இல்லை, அதன்படி எழுத வேண்டியதுதான். தேர்வு நம் கையில் இருந்தால், எதை மேற்கோள் காட்டப் போகிறோம் என்பதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பக்கத்து அறை நண்பர் எதில் எழுதினார் என்று பார்த்து முடிவு செய்தால் மூன்றாம் இயலில் மாட்டிக்கொள்வோம்.

ஒரே பாட்டை மூன்றிலும் வைத்துப் பார்ப்போம். புறநானூறு 192, கணியன் பூங்குன்றனார் பாடியது. 13 அடிகள் கொண்ட அந்தப் பாட்டில் ஆற்றோடு போகும் புணையைப் பேசும் 9, 10ஆம் அடிகள்தான் நமக்கு வேண்டும்.

எம்.எல்.ஏ. நடையில் வேலை சுலபம். மேற்கோளை அடுத்து (புறம். 192.9-10) என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு, முழு விவரத்தைக் கடைசியில் துணைநூற்பட்டியலில் தரலாம். தமிழில் நாம் காலங்காலமாகப் புறம். 192:9-10 என்று எழுதுவதற்கும் இதற்கும் ஒரு புள்ளிதான் வித்தியாசம். பக்க எண் கிடையாது என்பதால், படிப்பவர் கையில் எந்தப் பதிப்பு இருந்தாலும் அடியைக் கண்டுபிடித்துவிடுவார். சங்கப் பாடல்களின் உவமை, திணை, துறை என்று எழுதுகிறவர்களுக்கு இதைவிடத் தோதான நடை இல்லை.

2016இல் வந்த எம்.எல்.ஏ. கையேட்டின் எட்டாம் பதிப்பிலிருந்து இன்னொரு வசதியும் கூடியிருக்கிறது. ஒரு கட்டுரை இதழுக்குள் இருக்கிறது, அந்த இதழ் ஒரு மின்தொகுப்புக்குள் இருக்கிறது என்றால், பெட்டிக்குள் பெட்டியாக இரண்டையும் வரிசையாகச் சொல்லலாம். பழைய சிற்றிதழ்களை இணையத்தில் படித்து எழுதுகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

ஆனால் பதிப்பைப் பற்றியே பேச்சு வரும்போது எம்.எல்.ஏ. தடுமாறுகிறது. உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை முதலில் பதிப்பித்தது 1894இல். பிறகு வேறு பதிப்புகளும் உரைகளும் வந்தன. ஓர் அடியின் பாடம் (அதாவது அதன் சொல் வடிவம்) இந்தப் பதிப்பில் இப்படி, அந்தச் சுவடியில் அப்படி என்று வாதிடும் இடத்தில் ‘192.9’ என்ற எண் எதையும் சொல்லாது. எந்தப் பதிப்பு, யார் பதிப்பாசிரியர், மறுபதிப்பில் என்ன மாறியது என்பதெல்லாம் அந்தப் பக்கத்திலேயே படிப்பவர் கண்ணில் பட வேண்டும். குறிப்புகள் எழுத எம்.எல்.ஏ.வும் இடம் தருகிறது, உண்மை. ஆனாலும் அங்கே அவை விருந்தாளிகள். சிகாகோவில் அவைதான் வீட்டுக்காரர்கள்.

சிகாகோ என்று நான் சொல்வது அதன் அடிக்குறிப்பு முறையை. (ஆசிரியர், ஆண்டு என்று அடைப்புக்குறிக்குள் தரும் முறையும் அதில் உண்டு.) ஒவ்வோர் இயலின் முடிவிலும் ‘சான்றெண் விளக்கம்’ கொடுக்கும் நம் ஆய்வேட்டுப் பழக்கத்துக்கு இது நெருங்கிய உறவு. முதல் குறிப்பில் முழு விவரம், அடுத்ததிலிருந்து சுருக்கம். இதன் அருமை பழைய புத்தகத்தைக் கையில் எடுக்கும்போது தெரியும். முகப்பில் ஆங்கில ஆண்டே இல்லாமல் ‘ஜய வருடம்’ என்று மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். முதலில் அது எந்தச் சுற்று ஜய என்று பார்க்க வேண்டும், 60 ஆண்டுக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வருமே. புறநானூற்றின் முதல் பதிப்பு வந்த காலத்துச் சுற்று என்று உறுதியானால் 1894 ஏப்ரல் முதல் 1895 ஏப்ரல் வரை. கூடவே ஐப்பசி என்று மாதம் இருந்தால் 1894, தை மாசி என்றால் 1895. மாதம் இல்லாவிட்டால் ‘ஜய வருடம் [1894–95]’ என்று எழுதி, ஏன் அப்படி என்பதையும் அதே அடிக்குறிப்பில் ஒரு வரி சொல்லிவிடலாம்.

ஓர் எச்சரிக்கை. முந்தைய குறிப்பில் சொன்ன அதே நூல் என்ற பொருளில் ‘மேலது, ப. 45’ என்று எழுதும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். திருத்தும்போது இரண்டு குறிப்புகளுக்கு நடுவே புதிதாக ஒன்றைச் செருகினால், மேலது வேறொரு நூலைக் காட்டத் தொடங்கிவிடும். என் ஆய்வேட்டில் ஓர் இயல் முழுக்க இப்படி ஆகி, மெய்ப்புப் பார்க்கும்போது ஒவ்வொன்றாக நூலைத் திறந்து சரிபார்த்தேன். 2017இல் வந்த சிகாகோ கையேட்டின் 17ஆம் பதிப்பும், மேலது போன்ற சொல்லைவிட ஆசிரியர் பெயரும் சுருக்கத் தலைப்புமே நல்லது என்கிறது.

ஏ.பி.ஏ. உளவியலாளர்களுக்காகப் பிறந்த நடை. நேற்றைய ஆய்வா, இருபது ஆண்டுக்கு முந்தையதா என்பது அங்கே முக்கியம், அதனால் ஆண்டு முன்னால் வந்து நிற்கிறது. பழம்பாடல் என்றால் அது பிறந்த காலத்தையும் நாம் பயன்படுத்தும் பதிப்பின் ஆண்டையும் சேர்த்துக் கேட்கும். சங்கப் பாடலின் காலமே தீராத விவாதம். அடைப்புக்குறி போடும் ஒவ்வொரு முறையும் அந்த விவாதத்தில் ஒரு பக்கம் சாய வேண்டியிருக்கிறது. மொழி கற்பித்தல், கள ஆய்வு என்று எழுதுகிறவர்கள் ஏ.பி.ஏ.வைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். இலக்கியத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெயர் விஷயத்தில் மூன்றுமே ஒன்றுதான். பட்டியலில் ‘சாமிநாதையர், உ. வே.’ என்று வந்தால் சரி. ஆங்கிலத்தில் எழுதும்போது கவனம் தேவை. தன் பெயருக்குப் பின்னால் தந்தை பெயரை முழுதாக எழுதுகிறவரின் கட்டுரையைச் சேர்த்தால், மேற்கோள் பட்டியல் தயாரிக்கும் மென்பொருள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். கட்டுரை எழுதியது மகள், மேற்கோளில் நிற்பது அப்பா பெயர். பெயர்க் கட்டத்தைக் கையாலேயே திருத்திவிடுங்கள்.

சரி, என் தேர்வு? சிகாகோ அடிக்குறிப்புதான். எம்.எல்.ஏ.வின் வசதியையும் அதற்காக இழக்க வேண்டியதில்லை. ஒரே நூலைத் திரும்பத் திரும்பக் காட்டும்போது, முதல் அடிக்குறிப்பில் பதிப்பு விவரத்தை முழுதாகக் கொடுத்து, இனி எண்கள் எல்லாம் இந்தப் பதிப்பின்படி என்று சொல்லிவிட்டால், பிறகு பாட்டு எண்ணையும் அடி எண்ணையும் உரைக்குள்ளேயே அடைப்புக்குறியில் தர சிகாகோ அனுமதிக்கிறது. பாடபேதம் வரும் இடத்தில் மட்டும் அடிக்குறிப்புக்கு இறங்கினால் போதும்.